செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) 'டக்' என்று அடித்து நின்றுவிடுகிறது: மோட்டாரை வீட்டிலேயே கழற்றி மாற்றலாமா?

கரூர்_வேகன்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2013 வேகன்-ஆர், 1.0 பெட்ரோல், மேனுவல் கியர், 92 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சாவியைத் திருப்பினால் பானெட்டுக்குள் ஒரே ஒரு 'டக்'. எஞ்சின் அசைவதே இல்லை. சாவியை விட்டுவிட்டு நாலைந்து தடவை திருப்பினால் ஏதோ ஒரு தடவை பிடித்துக்கொள்கிறது. பிடித்துவிட்டால் எந்தக் குறையும் இல்லாமல் நல்ல வேகத்தில் சுற்றி உடனே ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது தொந்தரவு கொஞ்சம் கூடுதல்.

பேட்டரி 35 ஆம்பியர் ஹவர், மாற்றி எட்டு மாதம்தான். ஹெட்லைட், ஹாரன் எல்லாம் பளிச். ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறக்காமலே "செல்ஃப் மோட்டார் அவுட், ஃபுல் செட் போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் ரிங் ஸ்பானர் செட், அரை இஞ்ச் சாக்கெட் செட், சாதாரண மல்டிமீட்டர், ஒரு ஜாக்கி இருக்கிறது. மோட்டார்தான் கெட்டது என்று எப்படி உறுதி செய்வது? வீட்டில் வைத்துச் செய்யக்கூடிய வேலையா? புதுசு போடுவதா, ரிப்பேர் செய்வதா?

பன்னிரண்டு_வோல்ட்:

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் மீட்டரைத் தொடுங்கள். செல்ஃப் மோட்டார் என்று மாற்றப்படுபவற்றில் எத்தனையோ நல்ல மோட்டார்கள் போகின்றன. குற்றவாளி பேட்டரி டெர்மினலிலோ எர்த் வயரிலோ இருந்திருக்கும்.

சத்தத்திலேயே பாதி விஷயம் தெரியும். 'டகடகடக' என்று வேகமாகத் தொடர்ந்து அடித்தால் பேட்டரி சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் லூஸ்: சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் பாய்ந்ததும் வோல்ட் விழுகிறது, பிடி விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. ஒரே 'டக்' என்றால் சோலினாய்டு இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, மோட்டார்தான் சுற்றவில்லை. 'வ்வீய்ங்' என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் சும்மா இருந்தால் பெண்டிக்ஸ் (மோட்டார் முனையில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச்) வழுக்குகிறது. 'கர்ர்' என்று அரைத்தால் பினியன் (மோட்டார் முனையின் சின்னப் பல்சக்கரம்) பல் அல்லது அது கடிக்கும் ரிங் கியர் (ஃபிளைவீலைச் சுற்றியிருக்கும் பெரிய பல்வளையம்) பல். எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச் பக்கம் போங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் கியர் பொசிஷன் ஸ்விட்ச், சில வண்டிகளில் கிளட்ச் ஸ்விட்ச்.

உங்களுடையது இரண்டாவது வகை. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். சாவி திருப்ப இன்னொருவர் வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், கை பெல்ட் பக்கம் போகவே கூடாது.

முதலில் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, பேட்டரியின் ஈயத் தூணிலேயே முனையை வைத்துப் பாருங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வேண்டாம். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. பிறகு சாவியைத் திருப்பச் சொல்லி 'டக்' அடித்து நிற்கும் அந்த நொடியில் அதே இடத்தில் எவ்வளவு. ஒழுங்காகச் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது.

அடுத்து மோட்டாரின் மேல் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டு. அதில் இரண்டு தடித்த போல்ட். பேட்டரியிலிருந்து சிவப்புத் தடிவயர் வந்து ஏறுவது 30 நம்பர். இன்னொன்றிலிருந்து ஒரு குட்டைத் தடிவயர் மோட்டாருக்குள்ளேயே போகும், அது எம். தனியாக ஒரு மெல்லிய வயர் வந்து செருகுவது 50 நம்பர், சிலர் எஸ் என்பார்கள். மீட்டரின் கருப்பு முனையை மோட்டாரின் வெற்று உலோகத்தில் வைத்து, சாவி திருப்பும்போது இந்த மூன்றிலும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள்.

ஏதாவது ஒரு தடவை பிடித்துச் சுற்றினால் இன்னும் இரண்டு அளவு வேண்டும். பேட்டரி பாசிட்டிவ் தூணுக்கும் 30 நம்பருக்கும் நடுவே 0.5 வோல்டுக்கு மேல் கூடாது. நெகட்டிவ் தூணுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே 0.3க்கு மேல் கூடாது. இந்த இரண்டு சோதனையும் மோட்டார் சுற்றும்போது மட்டும்தான் செல்லும். வெறும் 'டக்' அடிக்கும்போது பெரிய கரண்ட் பாய்வதில்லை, அதனால் அரித்துப்போன வயரும் சுத்தமாக 0.05 என்று காட்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கரூர்_வேகன்:

பார்த்துவிட்டேன். சும்மா இருக்கும்போது 12.58. 'டக்' மட்டும் அடிக்கும்போது பேட்டரியில் 12.25, 30 நம்பரில் 12.2, 50 நம்பரில் 11.6, எம்மில் 0.3.

ஆறாவது தடவை பிடித்துக்கொண்டது. அப்போது பேட்டரியில் 10.9. பாசிட்டிவ் பக்க இழப்பு 0.28, எர்த் பக்கம் 0.11. எம்மில் 0.3 என்பது சரியாகத்தான் பார்த்தேனா என்று சந்தேகம்.

பன்னிரண்டு_வோல்ட்:

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அந்த 0.3தான் விடையே.

30ல் 12.2 வந்து நிற்கிறது, அதாவது கரண்ட் கதவு வரை வந்துவிட்டது. 50ல் 11.6, அதனால் சாவி ஸ்விட்ச், ரிலே எல்லாம் சுத்தம். அங்கே 10க்குக் கீழே இருந்திருந்தால் ரிலேயைச் சந்தேகப்படலாம். 'டக்' என்று பிளங்கர் (சோலினாய்டுக்குள் நகரும் இரும்புத் தண்டு) உள்ளே போய் அடிக்கிறது. ஆனால் 30லிருந்து எம்முக்கு எதுவும் கடக்கவில்லை. சோலினாய்டுக்குள் இருக்கும் செம்பு காண்டாக்ட் தேய்ந்துவிட்டது.

உள்ளே இரண்டு போல்டுகளின் தலையும் செம்பு மேடைகளாக இருக்கும். பிளங்கர் ஒரு செம்புத் தட்டைத் தள்ளி இரண்டையும் ஒரே நேரத்தில் தொட வைக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அங்கே ஒரு தீப்பொறி, கொஞ்சம் செம்பு எரிந்து குழி விழும். குழி ஆழமானதும், பிளங்கர் கடைசி வரை போய் முட்டினாலும் தட்டு மேடையைத் தொடாது. தட்டு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திரும்புவதால் எப்போதாவது தேயாத பகுதி எதிரே வந்துவிடும், உடனே எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும். உங்கள் ஆறாவது தடவை ரகசியம் இதுதான். 10.9ம் 0.28ம் 0.11ம், ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்), அதற்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், வயர், எர்த் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதற்குச் சாட்சி.

எம் அளவைப் படிப்பதில் ஒரு கண்ணி உண்டு. சோலினாய்டுக்குள் இரண்டு காயில். பிடித்து வைக்கும் காயில் பாடியில் எர்த் ஆகும். இழுக்கும் காயிலின் மறுமுனை எம் வழியாக, மோட்டாரின் பிரஷ்களைக் கடந்துதான் எர்த்துக்குப் போகும். பிரஷ் முழுக்கத் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நின்றால் அந்தப் பாதை அறுந்துவிடும். அப்போது எம்மில் மீட்டர் கிட்டத்தட்ட முழு 12ஐக் காட்டும், ஆனால் 'டக்' சத்தம் மிக மெலிதாக இருக்கும் அல்லது வரவே வராது. "மோட்டாருக்குக் கரண்ட் போகுது, ஆனா சோலினாய்டும் வேலை செய்யல" என்று குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் காரணம் பிரஷ் ஒன்றுதான்.

எம்மில் நல்ல வோல்ட் வந்து, கூடவே பேட்டரி 8, 9 என்று தரைக்கு இறங்கினால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது எஞ்சினே சுற்ற முடியாமல் நிற்கிறது. முட்டியளவு தண்ணீரில் ஓட்டிய வண்டியில் இப்படி வந்தால் சாவியைத் திரும்பத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். 2015லும் 2023லும் டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனை எஞ்சின்கள் இப்படிப் போயின. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்டில் சாக்கெட் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

14ஆம்_நம்பர்_ஸ்பானர்:

நோய் தெரிந்துவிட்டது, கழற்றும் வேலையைச் சொல்கிறேன். முழு மோட்டார் மாற்றினாலும் சோலினாய்டு மட்டும் மாற்றினாலும் கழற்றுவது ஒன்றுதான். பழகாதவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், குறைந்தது ஒரு மணி நேரம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் கை போகும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கி ஒன்றுதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டாம், அவை எச்சரிக்காமல் உடையும்.

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், 10 எம்எம். கழற்றிய கிளாம்ப்பைத் துணியால் சுற்றி, தானாகச் சாய்ந்து தூணைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். 30 நம்பர் போல்டில் ஃபியூஸ் எதுவுமில்லாமல் நேராகப் பேட்டரி வருகிறது. நெகட்டிவை எடுக்காமல் அந்த நட்டில் ஸ்பானர் போட்டு, அதன் மறுமுனை எஞ்சினைத் தொட்டால் ஸ்பானர் அங்கேயே வெல்டாகிவிடும். ரேடியோ செட்டிங் போகும், ஐடில் முதல் சில நிமிடம் ஏறி இறங்கும், அது பரவாயில்லை.

மோட்டாரைத் தேட வேண்டியதில்லை. பேட்டரியின் சிவப்புத் தடிவயர்களில் ஒன்று எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு இறங்கும், அதன் முடிவில் இருக்கும். பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் டப்பாவையும் அதன் குழாயையும் எடுத்துவிட்டால் மேலிருந்தே ஒரு கை நுழையும். எதைக் கழற்றுவதற்கு முன்பும் போனில் ஒரு போட்டோ.

30 நம்பர் மேல் ரப்பர் மூடியைப் பின்னால் தள்ளிவிட்டு நட்டைக் கழற்றுங்கள். ஜப்பானிய வடிவமைப்புகளில் பெரும்பாலும் 12, மற்றவற்றில் 13. நட்டு வராமல் போல்டே சேர்ந்து சுற்றுகிறதென்றால் நிறுத்துங்கள், உள்ளே காண்டாக்ட் மேடையும் அதோடு சேர்ந்து திரும்பும். உங்களுக்கு எப்படியும் அது மாறப்போகிறது, ஆனால் மற்றவர்கள் கவனத்துக்கு. 50 நம்பர் வயர் செருகு கனெக்டர் என்றால் பூட்டு நாக்கை அழுத்திவிட்டுக் கனெக்டரைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. வெயிலும் சூடும் பட்ட பிளாஸ்டிக், நாக்கு ஒடிந்தால் பிறகு ஓடும்போது கழன்று வரும்.

மோட்டாரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டு போல்ட், எம்10 (10 எம்எம் தடிமன்), தலை 14 அல்லது 17. துரு இருந்தால் துரு எண்ணெய் அடித்து இருபது நிமிடம் விடுங்கள். முதல் அசைவுக்கு ஆறு முனை சாக்கெட்தான், பன்னிரண்டு முனை தலையை உருட்டிவிடும். ஸ்பானர் எட்டாத போல்டுக்கு 250 எம்எம் எக்ஸ்டென்ஷனும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்டும் போட்டால் ராட்செட் வெளியே நின்று வேலை செய்யும். இரண்டையும் முதலில் லூஸ் மட்டும் செய்துகொண்டு, கை சிரமப்படும் போல்டை முழுதாக எடுத்துவிட்டு, எளிதாகக் கிடைப்பதைக் கடைசிக்கு வையுங்கள். அதை எடுக்கும்போது ஒரு கை மோட்டாருக்கு அடியில் இருக்கட்டும். சிறிய பெட்ரோல் வண்டியின் மோட்டார் மூன்று கிலோ சுமாருக்கு இருக்கும், படுத்துக்கொண்டிருக்கும் முகத்தில் விழுந்தால் மூன்று கிலோ நிறையவே.

போல்ட் எடுத்தும் மோட்டார் வரவில்லையென்றால் அதன் வட்டக் கழுத்து பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) துளையில் இறுகியிருக்கிறது. மேலும் கீழும் ஆட்டி ஆட்டி எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து சோலினாய்டின் பிளாஸ்டிக் மூடியைத் தாங்கலாக வைத்து நெம்பினால் மூடி விரியும். மோட்டாருக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே மெல்லிய தகடு ஏதாவது இருந்தால் பத்திரம், அது பல் இடைவெளிக்காக வைத்தது, அப்படியே திரும்பப் போக வேண்டும்.

மோட்டார் வெளியே வந்ததும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃபிளைவீல் ரிங் கியரைப் பாருங்கள். ஒரு சுற்று முழுக்கப் பார்க்க வேண்டும். புல்லி போல்டில் சாக்கெட் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். எஞ்சின் அணையும்போது கம்ப்ரஷனுக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் நிற்கும், அதனால் பல் தேய்மானம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது. நாலு சிலிண்டரில் எதிரெதிரே இரண்டு இடம். உங்கள் எஞ்சின் மூன்று சிலிண்டர் என்பதால் மூன்று இடம், 120 டிகிரிக்கு ஒன்று. அங்கே பல்லின் விளிம்பு லேசாக மழுங்கியிருந்தால் கவலையில்லை. பல் பாதியாகியிருந்தாலோ உடைந்திருந்தாலோ புது மோட்டார் போட்டும் 'கர்ர்' போகாது, கியர்பாக்ஸ் இறக்க வேண்டிய வேலை.

காயில்_கடை:

மேல சொன்னவங்க எல்லாம் சரியாச் சொல்லிட்டாங்க. நான் ரிப்பேர் பக்கம் மட்டும் சொல்றேங்க.

இந்தக் கேசுக்கு ஃபுல் செட் தேவையே இல்லைங்க, சோலினாய்டு மட்டும் போதும். சிலதுல பின்னாடி மூடி மூணு ஸ்க்ரூல கழலும், செம்பு காண்டாக்ட்டும் தட்டும் தனியா மாத்திக்கலாம். டென்சோவோட கியர் ரிடக்‌ஷன் மோட்டார் பலதுல அப்படி வரும். மத்ததுல மூடியில காயில் முனையை ஈயம் வெச்சு ஒட்டியிருப்பாங்க. அதைச் சூடு பண்ணி எடுத்து, மேடையைத் தேய்ச்சு, போல்டைத் திருப்பி வெச்சு ஓட்டுறவங்க உண்டு. ஓடும், ஆனா கொஞ்ச நாளைக்குத்தான். முழு சோலினாய்டாவே மாத்திடுங்க.

மாத்துறது இப்படி. எம் நட்டைக் கழற்றி மோட்டார் வயரை ஒதுக்குங்க. முன்பக்கம் சோலினாய்டைப் பிடிச்சிருக்கிற ரெண்டோ மூணோ ஸ்க்ரூ. இறுகிப் போயிருக்கும், சாதா ஸ்க்ரூ டிரைவர்ல தலையைக் கெடுத்துடாதீங்க, சுத்தியல்ல அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் வெச்சு எடுங்க. பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினா பிளங்கர் கொக்கி ஃபோர்க்கை (பினியனை முன்னாடி தள்ளுற கவை) விட்டு வந்துடும். புதுசுல வர்ற பிளங்கரையே போடணும், பழசைக் கலக்காதீங்க, நீளம் நூல் அளவு மாறினாலும் காண்டாக்ட் சேராது. பிளங்கருக்கு கிரீஸ் வேண்டாம். கிரீஸ் தூசியைப் பிடிச்சு, சூட்டுல பிசினாகி, பிளங்கர் திரும்பி வராம மாட்டிக்கும். அப்புறம் எஞ்சின் ஓடும்போதும் பினியன் வெளிய நிக்கும்.

கையோட மத்ததையும் பாத்துடுங்க. பெண்டிக்ஸைக் கையால சுத்துங்க: ஒரு பக்கம் வழவழன்னு சுத்தணும், மறுபக்கம் கப்புனு பிடிக்கணும். ரெண்டு பக்கமும் சுத்துதுன்னா மாத்தணும். பெண்டிக்ஸைப் பெட்ரோல்ல முக்கிக் கழுவாதீங்க. உள்ள சீல் பண்ணின கிரீஸ் கரைஞ்சு போயிரும், வெளிய பளபளன்னு இருக்கும், ஆனா சீக்கிரமே வழுக்க ஆரம்பிச்சுடும். துணியில துடைச்சா போதும். பின்னாடி இருக்கிற சுருள் மரைக்கு மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பினியன் பல்லுக்கும் ரிங் கியருக்கும் எதுவும் தடவக்கூடாது, கிளட்ச் தூசி வந்து அப்பிக்கும்.

92 ஆயிரம் ஓடியிருக்கு, பிரஷ் ஒருதடவை பாத்துடுறது நல்லதுங்க. புதுசுல இருந்த நீளத்துல பாதிக்குக் கீழ வந்துட்டா மாத்திடுங்க, மொத்தமா நாலையும். காமுட்டேட்டர் (பிரஷ் உரசுற உருளை) செம்பு பாளத்துக்கு நடுவுல இருக்கிற மைக்கா செம்பை விட அரை மில்லி கீழ இருக்கணும். சமமா வந்துட்டா லேத்ல ஒரு லேசான கட், அப்புறம் மைக்காவை அறுத்து விடணும். ஆர்மேச்சர் மேல ஒரு பக்கமா உரசின தடம் இருந்தா புஷ் (தண்டைத் தாங்குற வளையம்) போயிருச்சுன்னு அர்த்தம். சூடானதும் மோட்டார் கனத்துச் சுத்துறதுக்கு அதுவும் ஒரு காரணம். புது வெண்கல புஷ்ஷை அடிக்கிறதுக்கு முன்னாடி எஞ்சின் ஆயில்ல ஊற வெச்சுக்கணும்.

இன்னொண்ணு. அவசரத்துக்கு மோட்டாரை வீல் ஸ்பானர்ல தட்டுறது எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம். சின்ன வண்டி மோட்டார் பலதுல இப்ப ஃபீல்டு காயில் கிடையாது, காந்தம்தான் ஒட்டியிருக்கு. ஓங்கி அடிச்சா காந்தம் தெறிச்சு ஆர்மேச்சருக்குள்ள சிக்கிக்கும். ஐந்நூறு ரூபா வேலை ஃபுல் செட்ல போய் முடியும்.

பன்னிரண்டு_வோல்ட்:

காயில்_கடை சொல்வதில் ஒரே ஒரு இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. வீட்டில் செய்பவர், லேத்துக்கு எடுத்துக்கொண்டு அலைய முடியாதவர் என்றால், அதோடு புஷ், பிரஷ், பெண்டிக்ஸ் மூன்றும் ஓய்ந்திருந்தால், புது மோட்டாரே மேல். மூன்றையும் தனித்தனியாக வாங்கிக் கூலியும் கொடுத்தால் விலை நெருங்கிவிடும். கரூர்காரருக்கு இது பொருந்தாது, அவருக்கு சோலினாய்டுதான்.

முழு மோட்டார் வாங்குபவர்கள் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் உங்கள் வட்டாரத்து ஸ்பேர்ஸ் தெரு. மோட்டார் பாடியில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர்தான் முதல் அடையாளம், மாடல் பெயர் மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். ஒரே மாடலுக்கு இரண்டு கம்பெனி மோட்டார் பொருத்தி வந்திருக்கும். பினியன் பல் எண்ணிக்கை, சுற்றும் திசை, கழுத்து வட்டத்தின் விட்டம், போல்ட் துளை இடைவெளி, மூக்கின் நீளம், 30 நம்பர் நிற்கும் கோணம் எல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கோணம் மாறினால் தடிவயர் எக்ஸாஸ்ட்டைத் தொடும்.

மலைப்பாதை_டீசல்:

நடுவில் ஒரு கேள்வி. என்னுடையது 1.3 டீசல். இதே முறைதானா? 'டக்' இல்லை, மெதுவாக 'ஊ... ஊ...' என்று சுற்றுகிறது. மோட்டார் மாற்றச் சொல்கிறார்கள்.

பன்னிரண்டு_வோல்ட்:

முறை ஒன்றே, அளவுதான் பெரிது. சிறிய பெட்ரோல் மோட்டார் 1 கிலோவாட்டுக்கு அக்கம்பக்கம், டீசல் என்றால் 2ஐ நெருங்கும். கரண்ட் 200 ஆம்பியரைத் தாண்டும்போது 0.005 ஓம் அழுக்கே 1 வோல்டைத் தின்றுவிடும். மெதுவாகச் சுற்றுகிறதென்றால் வோல்ட் இழப்புச் சோதனை உங்களுக்குத்தான் மிகவும் பொருந்தும், மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறதே. எர்த் பக்கத்தை முதலில் பாருங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று என்று போகும். கியர்பாக்ஸ் முனையில் லக்கின் (வயர் முனை வளையம்) அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். உடனே தெரிந்துகொள்ள ஒரு வழி: ஜம்பர் கேபிளின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை எஞ்சினின் வெற்று உலோகத்தில். வேகம் கூடினால் எர்த்தான், மோட்டார் பணம் மிச்சம். கூடாவிட்டால் பேட்டரியை லோட் டெஸ்ட் (பெரிய கரண்டை இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள், அதற்கும் பிறகுதான் மோட்டார்.

கழற்றினால் உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆயில் மேலிருந்து ஒழுகி மோட்டாருக்குள் இறங்கினால் பிரஷ் தூசியோடு சேர்ந்து கரிச்சேறு ஆகும், மெதுவாகச் சுற்ற அதுவும் போதும். கசிவை அடைக்காமல் மோட்டாரை மாற்றினால் அதுவும் அதே வழியில் போகும்.

கரூர்_வேகன்:

மோட்டார் வெளியே வந்துவிட்டது. ரிங் கியர் மூன்று இடத்திலும் பார்த்தேன், விளிம்பு மினுங்குகிறது, பல் முழுசாக இருக்கிறது. பழைய சோலினாய்டின் மூடியை அறுத்துப் பார்த்தேன். 30 நம்பர் பக்க மேடையில் பாதி இல்லை, பிறை மாதிரி ஒரு ஓரம்தான் மிச்சம். எம் பக்க மேடை லேசாகத்தான் கருத்திருக்கிறது. தட்டின் ஓரம் முழுக்கக் கருப்புக் குழிகள். பிரஷ் முக்கால்வாசி இருக்கிறது. பெண்டிக்ஸ் ஒரு பக்கம்தான் சுற்றுகிறது.

புது சோலினாய்டு வாங்கிவிட்டேன். மேலே ஏற்றும் முன் வெளியிலேயே சோதிக்க வழி உண்டா? படுத்துக்கொண்டு இரண்டாவது தடவை கழற்ற இடுப்பு ஒத்துழைக்காது.

14ஆம்_நம்பர்_ஸ்பானர்:

கட்டாயம் சோதித்துவிட்டு ஏற்றுங்கள். மோட்டாரை பெஞ்ச் வைஸில் இறுக்குங்கள், காந்த வகை என்றால் பாடிக் குழாயில் வைஸை நெருக்க வேண்டாம், முன் அலுமினியப் பாகத்தின் காதில் பிடியுங்கள். வைஸ் இல்லையென்றால் தரையில் வைத்து ஷூ காலால் நன்றாக அழுத்திக்கொள்ளலாம். கிளம்பும்போது துள்ளும்.

சோலினாய்டை முதலில். எம்மில் மோட்டார் வயரை மாட்டாமல் விடுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து இரண்டு வயர்: ஒன்று பாடிக்கு, ஒன்று எம் போல்டுக்கு. பாசிட்டிவை 50ல் தொட்டால் பினியன் வெளியே குதிக்க வேண்டும், இழுக்கும் காயில் நலம். அப்படியே எம் வயரை மட்டும் எடுங்கள், பினியன் வெளியிலேயே நிற்க வேண்டும், பிடிக்கும் காயில் நலம். பிறகு பாடி வயரை எடுத்தால் 'சட்' என்று உள்ளே போக வேண்டும். மொத்தம் மூன்று முதல் ஐந்து நொடிக்குள் முடியுங்கள், காயில் சூடேறும்.

அடுத்து மோட்டார் வயரை எம்மில் மாட்டி, ஜம்பர் கேபிளில் பாசிட்டிவை 30க்கும் நெகட்டிவைப் பாடிக்கும் கொடுத்து, 30லிருந்து 50க்கு ஒரு சின்ன வயரைத் தொடுங்கள். பினியன் வெளியே வந்து சீராகச் சுற்ற வேண்டும். சும்மா சுற்றும்போதே 50 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், வீட்டு ஒயரிங் வயரை வைத்து முயற்சி செய்து விரலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

ஏற்றும்போது, மோட்டாருக்கு எர்த் வருவதே அதன் முகம் பெல் ஹவுசிங்கைத் தொடும் வழியாகத்தான். இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியத் தேயுங்கள். பெயிண்ட், கேஸ்கட் பசை எதுவும் கூடாது. போல்ட் இரண்டையும் முதல் நாலைந்து சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். அங்கே அலுமினியம், ஸ்பானரால் கோணலாக ஏற்றினால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும், பிறகு ஹெலிகாயில் (புது மரைக்கான கம்பிச் சுருள்) போட வேண்டியிருக்கும். இறுக்கம், எம்10க்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு, சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் வேதம். 30 நம்பர் நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் சுற்றி போதும். குட்டை ஸ்பானரை விரல்களால் பிடித்து இறுக்குகிற அளவுதான் அது. அங்கே பலத்தைக் காட்டினால் போல்ட் மூடியோடு திரும்பி, புது சோலினாய்டு முதல் நாளே பிளந்துவிடும். ரப்பர் மூடியை மறக்காமல் இழுத்து மூடுங்கள். தடிவயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள்.

பேட்டரியில் பாசிட்டிவ் கழற்றியிருந்தால் அது முதலில், நெகட்டிவ் கடைசியில். ஃபியூயல் பம்ப் ஃபியூஸைத் திரும்பச் செருகுவதற்கு முன்னால் ஒருதடவை சுற்றவிட்டு, எம் அளவை மறுபடி பாருங்கள்: பேட்டரியில் இருப்பதிலிருந்து 1 வோல்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் சுற்றவிடாதீர்கள், நடுவே அரை நிமிடம் ஆறட்டும். சாவியை விட்டதும் 'வ்வீய்ங்' என்று ஓர் இழுவை தொடர்ந்தால் உடனே அணைத்துவிட்டு ஃபோர்க் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள்.

காயில்_கடை:

அந்த ஃபோர்க் கொக்கி, சோலினாய்டை ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடியே இழுத்துப் பாத்துடுங்க. பிளங்கரைப் பின்னாடி இழுத்தா பினியன் முன்னாடி வரணும். வரலைன்னா கொக்கி ஃபோர்க்குக்கு வெளிய உட்கார்ந்திருக்கு. ஸ்ப்ரிங் அந்தக் கொக்கியைத் தள்ளிக்கிட்டே இருக்கும், ஒரு கை ஃபோர்க்கைப் பிடிச்சுக்கிட்டாதான் மாட்டும்.

கரூர்_வேகன்:

மாட்டியாயிற்று. சுற்றும்போது பேட்டரியில் 10.9, எம்மில் 10.4. இருபது தடவை அடித்துப் பார்த்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. சூடான பிறகும் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து பார்க்கப்போகிறேன்.

பன்னிரண்டு_வோல்ட்:

சூடாக இருக்கும்போதும் பேட்டரி அளவையும் எம் அளவையும் எழுதி வையுங்கள். வண்டியை நிறுத்தி அரை மணி கழித்துப் பார்ப்பது நல்லது. எஞ்சின் ஓடும்போதைவிட, அணைத்த பிறகுதான் மோட்டாருக்குச் சூடு அதிகம் ஏறும். எம் அளவு பேட்டரியோடு ஒட்டி நின்று, சுற்றும் வேகம் மட்டும் குறைந்தால் அடுத்த பார்வை புஷ்.